மணி கேட்பது போல

படிக்கிற பையன் காசைக் கையால் தொடக் கூடாது என்பது நம்முடைய நடுத்தரக் குடும்பங்களில் எழுதி வைக்காத ஒரு சட்டம். கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வரலாம். மீதிச் சில்லறையை அம்மாவிடம் ஒழுங்காகக் கொடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் அவனுக்கும் பணத்துக்கும் சம்பந்தம் கிடையாது. படித்து முடித்து, உத்தியோகம் கிடைத்து, முதல் சம்பளம் வாங்குகிற நாளில்தான் அவனுக்குப் பணத்தின் தரிசனம். அதுவரையில் பணத்தைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: வீட்டில் அது போதவில்லை.

இந்தச் சட்டத்தைப் பதினெட்டாவது வயதில் நான் மீறினேன். வீரத்தினால் அல்ல. 1998 கோடையில், என் தகப்பனார் இருபது வருஷமாகக் கணக்கெழுதி வந்த அரிசி ஆலையை மூடிவிட்டார்கள். அதே கோடையில்தான் எனக்குக் கும்பகோணம் அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாற்று வகுப்பில் இடம் கிடைத்தது. கணித மேதை ராமானுஜன் 1904-இல் சேர்ந்து படித்த கல்லூரி அது. கணக்கு வராத காரணத்தால் வரலாற்றை எடுத்துக்கொண்டு அங்கே நுழைந்தவன் நான். அந்தக் கணக்கு பிறகு சைக்கிளின் மேல் உட்கார வைத்து எனக்குப் பாடம் நடத்தியது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் வாரப் பத்திரிகை வாங்குவார்கள். ஒன்பது வீட்டில் படிப்பார்கள். இதற்கு இரவல் என்று பெயர். இரவல் கொடுக்கிற வீட்டார் முணுமுணுத்துக்கொண்டே கொடுப்பார்கள். வாங்குகிறவர்கள் கூசிக்கொண்டே வாங்குவார்கள். பத்திரிகை காதும் மூக்கும் இல்லாமல் வீடு திரும்பும். அந்த இரவலுக்கு ஒரு வாடகையை வைத்துவிட்டால் கூச்சமும் முணுமுணுப்பும் ஒரே நாளில் தீர்ந்து போகும் என்று எனக்குப் பட்டது. இது நான் கண்டுபிடித்த தத்துவம் அல்ல. தமிழ்நாட்டு ஊர்களில் சைக்கிள் லைப்ரரிக்காரர்கள் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அப்போது யாரும் இல்லை, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு அந்த மாதம் 600 ரூபாய்ச் சீட்டு விழுந்திருந்தது. அதுதான் முதல். அப்பாவின் பழைய சைக்கிள்தான் கட்டடம். கேரியரின் இரு பக்கமும் தொங்கும்படி காக்கித் துணியில் அம்மாவே பை தைத்துக் கொடுத்தாள். அப்பா அன்றைக்கெல்லாம் பேசவில்லை. ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போது மட்டும், "காலேஜில் படிக்கிற பிள்ளை வீடு வீடாகப் போய் நிற்கணுமா?" என்று கேட்டார். அது என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி அல்ல. கிணற்றடித் துவைகல்லைப் பார்த்துக் கேட்டார். நானும் பதில் சொல்லவில்லை. மறுநாள் விடிவதற்குள் ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். அந்த நாளில் எங்கள் ஊர் ரயில் பாதை இன்னும் மீட்டர் கேஜ்தான். சென்னையிலிருந்து இரவு வண்டி கொண்டு வந்து போடும் கட்டுகளை ஏஜெண்டின் ஆட்கள் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அச்சு மையின் வாசனை அவ்வளவு அருகில் மூக்கில் ஏறியது அன்றைக்குத்தான்.

வாசகர்களில் யாராவது இந்தத் தொழிலை ஒரு காலத்தில் செய்திருந்தால் அடுத்த இரண்டு பாராக்களைத் தாண்டிப் போய்விடலாம். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விவரம் சொல்கிறேன். விகடன், குமுதம், கல்கி, குங்குமம், ராணி, தேவி என்று ஆறு பத்திரிகைகள். ஓட்டம் அதிகமுள்ள இரண்டில் நான்கு நான்கு பிரதி, மற்றவற்றில் மும்மூன்று. ஆக வாரத்துக்கு 20 பிரதிகள். விலை ஏறக்குறைய 120 ரூபாய். ஒவ்வொன்றுக்கும் பழுப்புக் காகித அட்டை போட்டு, முதல் பக்கத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்பும், யாருக்கும் தெரியாமல் 17-ஆம் பக்கத்தில் இன்னொரு ஸ்டாம்பும் குத்துவேன். முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு "இது எங்கள் சொந்தப் பத்திரிகை" என்று சாதிக்கிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு. அவர்களுக்காக ஏற்பட்டது அந்தப் பதினேழாம் பக்கம்.

ஒரு வீட்டுக்கு வாரம் மூன்று தடவை போக வேண்டும். தடவைக்கு இரண்டு இதழ். ஒரு பிரதி ஒரு வீட்டில் இரண்டு நாள் தங்கி அடுத்த வீட்டுக்குப் போகும்; நான்கு வாரத்தில் பன்னிரண்டு வீடு பார்த்துவிட்டுப் பழைய பேப்பர் கடைக்குப் போய்ச் சேரும். சேர்ந்த வீடுகள் 40. இவர்கள் எல்லோரிடமும் ஒரே சந்தா வாங்க முடியாது. அந்த வாரத்து இதழை அந்த வாரமே படிக்கிற பத்து வீடுகள் முதல் சுற்று; மாதம் 50 ரூபாய். ஒரு வாரம் பழசானது இரண்டாம் சுற்று. பத்து வீடு, 35 ரூபாய். அதற்கும் பிறகு படிக்கிறவர்கள் மூன்றாம் சுற்று; இருபது வீடு, 20 ரூபாய். கூட்டிப் பார்த்தால் மாதம் 1,250 ரூபாய் வர வேண்டும். வந்தது என்று சொல்லவில்லை, வர வேண்டும். இந்த இரண்டு வார்த்தைகளுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைத்தான் வியாபாரம் என்கிறார்கள்.

ஒரே காகிதம், ஒரே கதை, ஒரே ஜோக்கு. அதற்கு மூன்று விலை. முதல் வாரத்தில் 50 ரூபாய்க்காரர் படித்துச் சிரித்த அதே ஜோக்கை நான்காவது வாரத்தில் 20 ரூபாய்க்காரர் படித்துச் சிரிக்கிறார். சிரிப்பில் ஒரு குறைவும் கிடையாது. அப்படியானால் நான் விற்றது என்ன? பத்திரிகையை அல்ல. நாளை விற்றிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி தொடர்கதையைப் பற்றிப் பேச்சை எடுக்கும்போது "நான் படித்தாச்சு" என்று சொல்லிக்கொள்ளும் உரிமைக்குத்தான் மாதம் 30 ரூபாய் அதிகம். பொருளாதாரப் பேராசிரியர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். எனக்கு அது ஒரு தெருவில் போய் இன்னொரு தெருவில் திரும்புவதற்குள் புரிந்துவிட்டது.

எங்கள் பழைய தஞ்சை ஜில்லாவிலேயே பிறந்தவர் ஒருவர் இந்த விஷயத்தை வேறு விதமாக யோசித்திருக்கிறார். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். நூலகத்துக்கு அவர் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று வாசகருடைய நேரத்தைப் பற்றியது. அதே வருஷத்தில் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி, கிராமம் கிராமமாக ஓட்டுகிற ஏற்பாடும் தொடங்கியது. புத்தகம் ஆளைத் தேடிப் போக வேண்டும் என்பது அந்த வண்டியின் சித்தாந்தம். அவர் இலவசமாகச் செய்ய விரும்பியதை நான் வாடகைக்குச் செய்தேன். சக்கரம் இரண்டு பேருக்கும் இரண்டுதான். எனக்கு மாடு கிடையாது.

வாடகைக்குப் புத்தகம் கொடுப்பது அப்படி ஒன்றும் சின்னத் தொழிலும் அல்ல. லண்டனில் மூடி என்பவர் 1842-இல் புத்தகங்களை வாடகைக்கு விட ஆரம்பித்தார். வருஷச் சந்தா ஒரு கினி. ஒரு சமயத்தில் ஒரு பாகம்தான் எடுத்துப் போகலாம். நாவல் மூன்று பாகமாக இருந்தால் ஒரே நாவலை ஒரே சமயத்தில் மூன்று பேருக்குக் கொடுக்கலாம் அல்லவா? ஆகவே விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கில நாவலாசிரியர்கள் கதையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூன்று பாகத்துக்கு இழுத்தார்கள். 1894-இல் மூடி கம்பெனியும் ஸ்மித் கம்பெனியும் சேர்ந்து இனி இந்த விலைக்கு மூன்று பாக நாவல் வேண்டாம் என்று சொன்னவுடன், இலக்கிய விமரிசகர்கள் யாராலும் சாதிக்க முடியாத காரியம் நடந்தது: நாவல்கள் சுருங்கின. கதையின் நீளத்தைத் தீர்மானிப்பது கலைதான் என்று இப்போதும் சிலர் மேடையில் பேசுகிறார்கள். கேட்டுக்கொண்டு சும்மா இருப்பேன்.

என் கதைக்கு வருகிறேன். சந்தாவைத் தவிர ஒவ்வொரு வீட்டிலும் முன்பணம் வாங்குவது வழக்கம். முதல் இரண்டு சுற்றுக்கு 50, மூன்றாம் சுற்றுக்கு 25. இப்படி 1,500 ரூபாய் சேர்ந்தது. 600 ரூபாயில் ஆரம்பித்த கடையில் திடீரென்று 1,500 ரூபாய் ரொக்கம்! அன்று மாலைதான் அப்பா முதன்முதலாக என் வியாபாரத்தில் தலையிட்டார். பணத்தை எண்ணி வாங்கினார். தபாலாபீசில் என் பேரில் ஒரு சேமிப்புக் கணக்கு ஆரம்பித்து அதில் போட்டார். பாஸ் புத்தகத்தைத் தம் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

"இது யார் பணம்?" என்று கேட்டார்.

"நம்ம கிட்டேதானேப்பா இருக்கு?" என்றேன்.

"நம்ம கிட்ட இருக்கிறது வேறே. நம்ம பணம் வேறே."

இருபது வருஷம் பிறத்தியார் பணத்தை எழுதி எழுதிக் கழித்தவர் அவர். ஒரு பைசா தம்முடையது அல்லாத லட்சக்கணக்கான ரூபாய் அவர் பேனா வழியாகப் போயிருக்கிறது. அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்குத்தான் உரிமை உண்டு. மறுநாள் ஒரு நீள நோட்டு வாங்கி வந்து, இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு என்று கோடு போட்டு, நாற்பது வீடுகளுக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்கினார். வீடு வீடாகப் போவதைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. தாமும் எங்கும் வரவில்லை.

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால்தான் சோதனை வந்தது. தீபாவளி மலர் என்பது லைப்ரரிக்காரனுக்கு அறுவடை. வழவழப்பான காகிதம், கனமான விலை. வாங்க எல்லோருக்கும் ஆசை, வாங்குகிறவர்கள் சிலர். ஒரு மலரை இரண்டு நாளைக்கு 5 ரூபாய் என்று வாடகைக்கு விட்டால் பொங்கல் வரையில் ஓடும். ஏஜெண்டிடம் முன்கூட்டியே பணம் கட்டினால்தான் பிரதி நிச்சயம். கையிலிருந்ததை அதற்குக் கட்டியாகிவிட்டது. அந்தச் சமயம் பார்த்துக் கல்லூரியில் தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசித் தேதியைப் பலகையில் எழுதிப் போட்டார்கள். எனக்கு 310 ரூபாய் குறைந்தது. இருந்தது நான்கு நாள்.

அப்பா நோட்டைப் பிரித்துப் பார்த்தார். வர வேண்டிய பாக்கி 490 ரூபாய். தபாலாபீசில் 1,500 ரூபாய். பாஸ் புத்தகம் பெட்டியில் இருந்தது. பெட்டி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. அம்மா பெட்டியைப் பார்த்தாள். அப்பா பார்க்கவில்லை.

"சரக்கு இருக்கு, பாக்கி இருக்கு, பணம் இல்லை. இதுக்குப் பேர் நஷ்டம் இல்லை. வியாபாரம்னா இப்படித்தான் இருக்கும்" என்றார். "போய்க் கேட்டு வாங்கிண்டு வா" என்பதற்கு அவர் சொன்ன விதம் அது.

கேட்பது! அதுதான் விஷயம். நாற்பது வீடுகளையும் சேர்ப்பது சுலபமாக இருந்தது. மழையில் பை நனையாமல் காப்பாற்றுவது சுலபமாக இருந்தது. ஒரு வாசலில் நின்று, "அம்மா, சந்தா பாக்கி" என்று சொல்வதற்கு வாய் வர வேண்டுமே! நம்முடைய வளர்ப்பு அப்படி. நமக்குச் சேர வேண்டியதைக் கேட்பதற்கே நாம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிற ஜாதி. "தப்பா நினைக்காதீங்க" என்று ஆரம்பித்து, "முடிஞ்சாக் கொடுங்க" என்று முடித்தால்தான் மரியாதை என்று நினைக்கிறோம். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அப்பா வாசல் வரையில் வந்தார். அவர் அன்று சொன்னதை ஏறக்குறைய அப்படியே சொல்கிறேன்.

"ஃபீஸ் கட்டணும்னு யார் கிட்டேயும் சொல்லாதே. காரணம் சொன்னா அது உதவி கேட்கிறது. காரணம் சொல்லாமல் கேட்டா அது சந்தா. ரோட்டிலே போறவரை மணி என்னன்னு கேட்கிறோம் இல்லையா, அந்தக் குரலில் கேள். அதுக்கு மேலே ஒரு வார்த்தை வேண்டாம்."

அப்படியே கேட்டேன். "அம்மா, இந்த மாதச் சந்தா." அவ்வளவுதான். ஆச்சரியம் என்னவென்றால், மணி கேட்டால் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்ப்பது போலவே பெரும்பாலோர் உள்ளே போய்ப் பணத்தை எடுத்து வந்தார்கள். மறந்து போயிருந்தார்கள், வேறொன்றும் இல்லை. என் மனத்தில் மலை போல் நின்ற பாக்கி அவர்கள் மனத்தில் ஒரு தூசியாகக் கூட இருக்கவில்லை. இரண்டு மாலைகளில் 340 ரூபாய் வந்தது. சோலையப்பன் தெருவில் மூன்றாம் சுற்றில் ஒரு தையற்காரர் வீடு. அங்கே பாக்கியே கிடையாது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று மெஷின் மேஜை இழுப்பறையில் இரண்டு பத்து ரூபாய் நோட்டை மடித்து வைத்திருப்பார். நான் சைக்கிளை நிறுத்தும்போதே இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்கும்.

துக்காம்பாளையத் தெருவில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை இருந்தார். நான் சந்தா என்றதும் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே போய் ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்து வந்து, "வச்சுக்கோ தம்பி, படிக்கிற பிள்ளை" என்றார். அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது, சின்ன ஊர். அந்த நோட்டில் எனக்கு வேண்டியிருந்ததில் மூன்றில் ஒரு பங்கு இருந்தது. 35 ரூபாயை எடுத்துக்கொண்டு 65 ரூபாயைத் திண்ணையில் எண்ணி வைத்தேன். அந்த அம்மாளுக்கு வருத்தந்தான். ஆனால் அடுத்த தடவை போனபோது, "இந்த வாரம் அட்டை கிழிஞ்சிருக்கே, கவனிக்கிறதில்லையா?" என்று அதட்டினார். எனக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது. இரக்கப்படுகிறவர்கள் அட்டை கிழிந்ததற்கு அதட்ட மாட்டார்கள்.

ஒரு வக்கீல் வீடும் இருந்தது. முதல் சுற்று. மூன்று மாதப் பாக்கி. "அடுத்த வாரம் வாப்பா" என்பதை அவர் ஒவ்வொரு வாரமும் புதிதாகச் சொல்கிறவர் போலவே சொல்லுவார். குரலில் துளிக் கூட அலுப்பு இருக்காது. கோர்ட்டில் வாய்தா வாங்கிப் பழகிய குரல். அந்த வீட்டை ஏன் விட்டுவிடவில்லை என்று கேட்பீர்கள். அங்கே ஒரு பாட்டியம்மாள் இருந்தார். என் நாற்பது வீட்டிலும் அவரைப் போலப் படிக்கிறவர் கிடையாது. படித்ததை மாலையில் கோயிலுக்குப் போகிற வழியில் நாலு வீட்டில் சொல்லாமல் இருக்கவும் மாட்டார். அவர் வாயால் எனக்கு வந்து சேர்ந்த வீடுகள் ஐந்து. அப்பா இதைக் கேட்டுவிட்டு, வக்கீல் வீட்டுப் பக்கத்தின் ஓரத்தில் 'விளம்பரம்' என்று சின்னதாக எழுதினார். ஆனால் பாக்கியை அடிக்கவில்லை.

விளம்பரம் என்றதும் வாசன் நினைவு வருகிறது. பச்சையப்பன் கல்லூரிப் படிப்பை முடிக்காமல் விளம்பரத் தொழிலில் இறங்கியவர், 1928-இல் ஆனந்த விகடனை வாங்கினார். என் பையில் இருந்த பத்திரிகைகளில் ஒன்றே அப்படி ஒரு படிப்பு முடிக்காத இளைஞருடைய வியாபாரம் என்பது அந்த நாட்களில் எனக்குச் சொல்ல முடியாத தெம்பைக் கொடுத்தது. ஒப்பிட்டுக்கொள்வதற்குக் காசா பணமா?

வியாபாரத்தின் லாபம் இதோடு நிற்கவில்லை. நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் பென்சில் குறிப்புகள்.

பன்னிரண்டு வீட்டுக்குப் போய் வருகிற பத்திரிகையில் வாசகர்கள் எழுதாமல் இருக்க மாட்டார்கள். குறுக்கெழுத்துப் போட்டியை முதல் வீட்டிலேயே நிரப்பிவிடுவார்கள், அது போகட்டும். தொடர்கதையின் ஓரங்களில் ஒரு தனிப் பத்திரிகையே நடந்துகொண்டிருந்தது. கதாநாயகி பெட்டியை எடுத்துக்கொண்டு வாசற்படி இறங்குகிறாள் என்று ஆசிரியர் எழுதியிருப்பார். பக்கத்தில் பென்சிலால், "போகாதே!" என்று ஒரு கை எழுதியிருக்கும். அதற்குக் கீழே சாய்ந்த எழுத்தில், "போகட்டும், அப்போதான் அவனுக்குப் புத்தி வரும்" என்று இன்னொரு கை. அதற்கும் கீழே, பேனாவில், "நீங்கள் இருவரும் கொஞ்சம் கதையைப் படிக்க விடுகிறீர்களா?" ஒருவரை ஒருவர் பார்த்திராத மூன்று வீட்டுக்காரர்கள். நான் மட்டும் கையெழுத்தைக் கொண்டு அவர்களை அறிவேன். அவர்கள் வாசலில் நிற்கும்போது அறியாதவன் போல் சந்தா ரசீது கொடுப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இந்தக் குறிப்புகளை ரப்பரால் அழிப்பது வழக்கம். இல்லாவிட்டால் அடுத்த சுற்றுக்காரர்களுக்குக் கதை முடிவு முன்பே தெரிந்து போகும். அந்த வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். அழிப்பதற்கு முன் படிப்பாள். சிலவற்றை அழிக்க மனம் வராமல் என்னிடம் நீட்டுவாள். நான் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. எழுத்தாளன் ஆவதற்கு என்னென்ன படிக்க வேண்டும் என்று கேட்கிற இளைஞர்களுக்குக் காட்டலாம் என்று நினைப்பேன், காட்டுவதில்லை.

அதில் ஒரு வேடிக்கை. மலையையும் மழையையும் நிலவையும் பற்றி ஆசிரியர்கள் பாடுபட்டு எழுதிய இடங்களில் ஓரம் சுத்த வெள்ளையாக இருக்கும். அங்கே யாரும் பென்சிலை எடுக்கவில்லை. இரண்டு பேர் பேசாமல் இருக்கிற இடத்தில் குறிப்பு இருக்கும். மாமியார் ஒரு டம்ளர் காப்பியைத் தரையில் வைக்கும் சத்தத்துக்குக் குறிப்பு இருக்கும். எல்லாவற்றையும்விட அதிகமாகப் பணம் வருகிற இடத்தில் இருக்கும். "எழுநூறு ரூபாய் சம்பளத்தில் மாம்பலத்தில் வீடா?" "கல்யாணச் செலவில் நாதஸ்வரத்தை விட்டுவிட்டார்." "பாங்கியில் இவ்வளவு சுலபமாகக் கடன் கொடுக்கிறார்களா? எந்தப் பாங்கி?" கொலை செய்தவனைத் துப்பறிவாளர் கண்டுபிடித்த விதத்தை நம்பி விடுகிறவர்கள், வீட்டு வாடகையை நம்ப மறுத்தார்கள். இன்று வரையில் என் கதையில் ஒருவன் வாடகை கொடுக்கிறான் என்றால், அவன் சம்பளம் எவ்வளவு, பால் கணக்கு எவ்வளவு என்று தனிக் காகிதத்தில் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என்னுடைய வர்ணனைகள் குறைவு என்று ஒரு விமரிசகர் எழுதியிருந்தார். அவர் சைக்கிள் லைப்ரரி நடத்தியவர் அல்ல.

பக்கத்தைக் கிழிக்கிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1950 முதல் 1954 வரை கல்கியில் பொன்னியின் செல்வன் வந்த நாளில், வாரா வாரம் பக்கங்களைக் கத்தரித்துச் சேர்த்துப் புத்தகமாகத் தைத்து வைத்தவர்கள் தமிழ்நாடு முழுவதும் உண்டு. அந்தப் பரம்பரை பக்தி 1998-இலும் அழிந்துவிடவில்லை. சொந்தப் பத்திரிகையைக் கத்தரித்தால் பக்தி. வாடகைப் பத்திரிகையைக் கத்தரித்தால் என் பிழைப்பு. கத்தரித்த வீடு எது என்பது எனக்கு எப்போதும் தெரியும். பிரதி போய் வந்த பாதை நோட்டில் இருக்கிறது. கேட்டுச் சண்டை போடுவதில்லை. நாலு வாரம் முடிந்த பிறகு அந்தத் தொடர்கதைப் பக்கங்களை நானே எடுத்துக் கட்டி, "உங்களுக்கு வேண்டுமானால் அத்தியாயம் 25 பைசா" என்று கொடுக்க ஆரம்பித்தேன். கத்தரிப்பது நின்றது. பழைய பேப்பர் கடைக்காரரை விட எனக்கு நல்ல விலையும் கிடைத்தது.

இரண்டாவது வருஷத்தில் சாயங்காலங்கள் மாறின. சன் டிவி 1993-இலிருந்தே இருக்கிறது. ஆனால் கேபிள் கம்பி எங்கள் தெருக்களில் வீட்டுக்கு வீடு வந்து சேர அவகாசம் எடுத்துக்கொண்டது. 1999 டிசம்பரில் 'சித்தி' ஆரம்பித்தது. அதற்கு முன்னும் தொடர்கள் உண்டு. ஆனால் மணி அடித்தால் எழுந்து வந்த வீடுகளில், உள்ளிருந்தபடியே "திண்ணையில் வச்சுட்டுப் போ தம்பி" என்ற குரல் வர ஆரம்பித்தது அப்போதுதான். திண்ணையில் வைத்த இதழ் இரண்டு நாள் கழித்துப் போனால் வைத்த இடத்திலேயே இருக்கும். என் சுற்று நேரத்தைக் காலை ஆறரைக்கு மாற்றிப் பார்த்தேன், கொஞ்சம் தாங்கியது. விலகுகிற வாடிக்கைக்காரர் "தொலைக்காட்சி வந்துவிட்டது, உன் பத்திரிகை வேண்டாம்" என்று சொல்வதில்லை. "பெண்ணுக்குப் பரீட்சை" என்பார். "கண் வலி" என்பார். நான் அதை மறுத்துப் பேசியதில்லை. முன்பணத்தை அன்றைக்கே தபாலாபீசிலிருந்து எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பெட்டிக்குள் பாஸ் புத்தகம் இருந்ததன் அருமை அப்போது தெரிந்தது. கேட்டவுடன் முழுப் பணமும் கைக்கு வந்ததைப் பார்த்து மூன்று வீட்டுக்காரர்கள் மனம் மாறி மறுபடியும் சேர்ந்தார்கள்.

2000-இல் சென்னையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலைக்கு ஆள் கேட்டார்கள். போய்ச் சேர்ந்தேன். கல்லூரி இரண்டு வருஷத்தோடு நின்றது. அது ஒரு தனிக் கதை, இங்கே வேண்டாம். அப்பாவுக்கும் அதற்குள் ஓர் உரக்கடையில் கணக்கு வேலை கிடைத்திருந்தது. லைப்ரரியை வாங்கிக்கொள்ள, பாணாதுறைப் பக்கத்துப் பையன் ஒருவன் வந்தான். மிச்சமிருந்த வீடுகள் 26. பை, ஸ்டாம்பு, பழைய மலர்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "சாமான் என்னவோ முந்நூறு ரூபாய்க்குத்தானே இருக்கு அண்ணா?" என்றான். அப்பா நீள நோட்டை எடுத்து அவன் முன்னால் பிரித்து வைத்தார். எந்த வீட்டில் எந்தத் தேதியில் கேட்டால் பணம் வரும், எந்த வீட்டில் நாய், யார் முதலில் தொடர்கதையைப் படிப்பார்கள், யாருக்குத் துணுக்கு மட்டும் போதும் என்பதெல்லாம் அதில் இரண்டு வருஷமாகச் சேர்ந்திருந்தது. பையன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்தான். 1,100 ரூபாய்க்கு முடிந்தது. முன்பணத்தைத் தனியே எண்ணி, வீட்டுவாரியாகப் பட்டியல் எழுதி, அவனிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார் அப்பா.

அந்தப் பத்திரிகைகளில் கல்கி 2020-இல் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போய்விட்டது. பாணாதுறைப் பையன் நாலு வருஷம் ஓட்டிவிட்டு அதே சைக்கிளில் தண்ணீர்க் கேன் போட ஆரம்பித்தான் என்று கேள்வி. பிறகு அது ஒரு வேனாக ஆயிற்றாம்.

விற்ற கணக்கில் பழைய பாக்கி 340 ரூபாயை அப்பா சேர்க்கவில்லை. அது நாம் கொடுத்த சரக்குக்கு வர வேண்டிய பணம், புதியவனுக்கு அதில் பாத்தியம் இல்லை என்று சொல்லிவிட்டார். நான் சென்னைக்கு வந்துவிட்டேன். பாக்கி ஒவ்வொன்றாக வந்து சேர்ந்ததை அம்மா கடிதத்தில் எழுதுவாள். கடைசியாக நின்றது வக்கீல் வீட்டு 150 ரூபாய். 2001 பொங்கலுக்கு முந்திய வாரம் அதுவும் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, நோட்டை எடுத்துக்கொள்ளாமல், அந்த வீட்டுக்குத் தாமே போய்க் கேட்டு வாங்கி வந்தார் என்று அம்மா எழுதியிருந்தாள்.